‘பெயர் பொருந்தவில்லை’

தனியார் வங்கி ஒன்றின் கைபேசிச் செயலியில் சேமிப்புக் கணக்கு தொடங்கும் திரைகளை வடிவமைக்கும் குழுவில் நான் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். மேலே அகன்றும் கீழே போகப்போகக் குறுகியும் புனல் போல இருந்த அந்தப் படத்தின் மேல் விளிம்பில் செயலியைத் திறந்தவர்கள் இருந்தார்கள். அடிமுனையில், கணக்கு எண் கிடைக்கப் பெற்றவர்கள் இருந்தார்கள். இடையில் உதிர்ந்தவர்களை எங்கள் குழுவில் ‘டிராப்’ என்று சொல்வோம். எந்தத் திரையில் எத்தனை பேர் டிராப் ஆனார்கள் என்பதுதான் ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும் முதல் கேள்வி. ஏன் போனார்கள் என்பதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது: திரைகள் அதிகம், மக்களுக்குப் பொறுமை இல்லை.

அந்தப் பதிலை நம்பித் திரைகளைக் குறைத்தோம். முகவரியையும் தொழிலையும் ஒரே திரையில் சேர்த்தோம். சில கேள்விகளை மடித்து உள்ளே வைத்தோம். முடித்தவர்களின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதன் பிறகுதான், கணக்கு தொடங்க விரும்புகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது என்று முடிவு செய்து, சென்னையை விட்டுப் புறப்பட்டோம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்கூடத்தில் தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், மதிய இடைவேளையில் எங்கள் செயலியைத் திறந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் அவருக்குப் பொறுமை நிறையவே இருந்தது. ஆதார் எண்ணைப் பிழையின்றி அடித்தார், கைபேசிக்குக் குறுஞ்செய்தியில் வந்த கடவுச்சொல்லைச் சரியாகப் போட்டார், பான் எண்ணையும் தந்தார். உடனே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘பெயர் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்.’ அவர் மீண்டும் முயன்றார். அதே வரி. மூன்றாவது முறையும் அதே வரி. கைபேசியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “என் பேரே தப்புன்னு சொல்லுதுங்க தம்பி. நாப்பது வருசமா இதுதானுங்க என் பேரு” என்றார்.

அவருடைய ஆதாரில், பெயருக்குப் பின்னால் கணவர் பெயரின் முதலெழுத்து இருந்தது. திருமணத்துக்கு முன்பே எடுத்த பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக இருந்தது. இரண்டும் அரசு தந்த அட்டைகள். இரண்டிலும் இருப்பவர் அவர்தான். மீண்டும் முயல்வதால் மாறக்கூடியது எதுவும் அங்கே இல்லை என்பது எங்கள் திரைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் அன்று அவர் ஒரு டிராப்.

அந்தப் பயணத்திலும் அதன் பிறகு போன பயணங்களிலும் நான் கண்டது இதுதான்: பாதியில் நின்றவர்களில் பெரும்பாலோர் மனம் மாறியவர்கள் அல்லர். அந்த நிமிடத்தில் அவர்கள் கையில் இல்லாத ஒன்றை, அல்லது அவர்களால் மாற்றவே முடியாத ஒன்றை நாங்கள் கேட்டிருந்தோம். வேறு ஊரில் மகனிடம் இருக்கும் சிம், பீரோவில் பூட்டி வைத்த பான் அட்டை, பகல் வேலையை விட்டு எழுந்து வங்கி அதிகாரியிடம் பேச வேண்டிய ஒரு காணொளி அழைப்பு, தந்தை பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறிய ஓர் இனிஷியல் ஆகியவற்றில் எதையும் திரைகளைக் குறைத்துத் தீர்க்க முடியாது.

பெயர்ச் சிக்கலை நான் விரிவாகச் சொல்லக் காரணம், தமிழ்நாட்டில் கணக்கு தொடங்குகிறவர்களை அது தாக்குவதுபோல வேறு எதுவும் தாக்குவதை நான் பார்த்ததில்லை. நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து நம் பெயருக்கு முன்னால் நிற்கும். சிலருக்கு ஊரின் முதலெழுத்தும் சேர்ந்து நிற்கும். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம் என்பதால், பதிவு செய்தவர் எப்படி அடித்தாரோ அப்படியே அது இருக்கும்: இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், அல்லது இனிஷியலே இல்லாமல். பான் விண்ணப்பம் வேறு வகை. அதில் கடைப்பெயர், முதற்பெயர், நடுப்பெயர் என்று மூன்று கட்டங்கள் உண்டு. அவற்றில் இனிஷியலை நிரப்பக் கூடாது. ஆகவே எஸ். முருகன் என்று ஊரும் பள்ளியும் அறிந்த ஒருவர் வருமான வரித் துறைக்கு முருகன் சுப்பிரமணியன் ஆகிறார். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து என்பதால், நம்மில் பலருடைய பான் எண்ணுக்குள்ளேயே தந்தையின் பெயர் ஓர் எழுத்தாக ஒளிந்திருக்கிறது.

இரண்டு பெயர்களையும் ஒப்பிட எங்கள் செயலி பயன்படுத்திய முறை பரவலாக எல்லோரும் பயன்படுத்துவதுதான். ஒரு பெயரை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் முறை அது; அந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு மதிப்பெண் கிடைக்கும். தட்டச்சுப் பிழைகளைப் பிடிக்க அது நல்ல கருவி. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய சுப்பிரமணியன் பதினோரு எழுத்து. ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து அந்தப் பெயராக வளர வேண்டுமானால் பத்து எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். முற்றிலும் அந்நியரான இருவருடைய பெயர்களுக்கு இடையே இதைவிடக் குறைந்த வேறுபாடு இருக்கக்கூடும். இதோடு நம் எழுத்துப் பெயர்ப்பும் சேர்கிறது. தமிழ்ச்செல்வி என்பதில் உள்ள ழகரத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தைப் போடுகிறவர்களும் உண்டு, இரண்டைப் போடுகிறவர்களும் உண்டு. தொடக்கத் தகரத்துக்கு ‘எச்’ சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. ஒரே பெண்ணின் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் இந்த இரண்டு விதங்களும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாங்கள் செய்த மாற்றம் பெரிய அறிவியல் அல்ல. பெயரைச் சொற்களாகப் பிரித்தோம். சொற்கள் நிற்கும் வரிசையைப் பொருட்படுத்தாமல் விட்டோம். தனியெழுத்து ஒன்று இருந்தால், மறுபக்கத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் எந்தச் சொல்லுடனும் அது பொருந்தும் என்று வைத்தோம். தமிழ்ப் பெயர்களில் வழக்கமாக மாறும் எழுத்துக் கூட்டங்களைச் சமமாக எண்ணினோம். இவற்றாலேயே ஆண்களின் பெயர்களில் பெரும்பகுதி சரியாகிவிட்டது. திருமணத்தால் இனிஷியல் மாறிய பெண்களின் பெயர்கள் மட்டும் எந்த விதிக்கும் அடங்கவில்லை. ஏனெனில் அங்கே உண்மையிலேயே இரண்டு எழுத்துகள் வேறு. எந்தக் கணக்கும் அவற்றை ஒன்றாக்க முடியாது.

வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கான ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அட்டை வழங்கப்பட்ட பிறகு பெயர் மாறியிருந்தாலும், மாநில அரசு தந்த திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ இருந்தால் அந்த அட்டை செல்லும். ஆனால் பதிவே செய்யப்படாத திருமணங்கள் நிறைந்த ஊரில், ஓர் எழுத்துக்காகச் சான்றிதழ் கேட்பது அந்தப் பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். இனிஷியல் மாறுவதைப் பெயர் மாற்றமாகவே கருதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விதிகளை மீறாமல் பார்த்துக்கொள்ளும் எங்கள் கம்ப்ளையன்ஸ் பிரிவுடன் இதைப் பல வாரங்கள் பேசினேன். கடைசியில் ஒப்புக்கொள்ளப்பட்டது இது: பிறந்த தேதியும் நிழற்படமும் பொருந்தி, இனிஷியல் மட்டும் வேறுபட்டால், செயலி மறுக்கக் கூடாது, இரண்டு பெயர்களையும் மேலும் கீழுமாக வைத்து ஓர் அதிகாரியின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். தமிழ் தெரிந்த அதிகாரிக்கு அதைப் பார்த்து முடிவு செய்ய நெடுநேரம் ஆவதில்லை.

பிறந்த தேதியும் எளிதான சாட்சி அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மூத்தவர்கள் பலருடைய ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும். அல்லது பதிவு செய்தவர் போட்ட சனவரி 1 இருக்கும். எங்கள் திரையில் தேதியைத் தேர்ந்தெடுக்க ஒரு நாட்காட்டி விரிந்தது. அது இன்றைய தேதியில் தொடங்கியது. 1958இல் பிறந்த ஒருவர் மாதம் மாதமாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போவதைக் கும்பகோணத்தில் பார்த்த அன்றே அதை எடுத்துவிட்டு, நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களை வைத்தோம்.

எண்களில் நேரும் பிழைகளைத் தவிர்ப்பது இதைவிட எளிது. ஆனாலும் பல செயலிகள் அதைச் செய்வதில்லை. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், மற்றவை சரியா என்று சோதிப்பதற்காகவே வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்பட்டது. ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கைபேசியே அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். பான் எண்ணில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து. தனிநபராக இருந்தால் நான்காவது எழுத்து ‘பி’. இந்த ஒழுங்கு தெரிந்த திரை, விசைப்பலகையைத் தானே எழுத்திலிருந்து எண்ணுக்கும் எண்ணிலிருந்து எழுத்துக்கும் மாற்றிக் கொடுக்கும். விசைப்பலகையை மாற்றும் பொத்தானையே அறியாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களே அறிவார்கள்.

ஓடிபி என்று எல்லோரும் அழைக்கும் கடவுச்சொல்லுக்கு வருகிறேன். கணக்கு தொடங்கும்போது அது இரண்டு முறை வருகிறது: கைபேசி எண்ணைச் சரிபார்க்க வங்கி அனுப்புவது ஒன்று, ஆதாரைச் சரிபார்க்க ஆதார் ஆணையம் அனுப்புவது இன்னொன்று. இரண்டும் 6 இலக்கம். இரண்டும் சில நிமிட இடைவெளியில் வருகின்றன. எங்கள் திரை இரண்டு இடத்திலும் ‘ஓடிபியை உள்ளிடவும்’ என்றே சொன்னது. மக்கள் முதலில் வந்ததையே இரண்டாவது இடத்திலும் போட்டார்கள். தவறு என்று வந்ததும் பயந்துபோய் வெளியேறினார்கள். இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் நாள்தோறும் எச்சரிக்கும் நாட்டில், அந்த எண்ணைக் கேட்கும் திரையில் ஒருவர் தயங்கினால் அது அவருடைய விவேகம். அதை அறியாமை என்று யாரும் எண்ணக் கூடாது. ‘ஆதார் ஆணையத்திலிருந்து இப்போது வரும் எண், இந்தச் செயலியில் மட்டும் போடுங்கள், தொலைபேசியில் கேட்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம்’ என்று எழுதிய பிறகு அந்தத் தயக்கம் குறைந்ததை நேரிலேயே பார்த்தோம்.

அதைவிட ஆழமான சிக்கல், ஆதாருடன் இணைந்த எண் வேறொருவர் கையில் இருப்பது. வீட்டுக்கு ஒரே கைபேசி இருந்த காலத்தில் பதிவு செய்த ஆதாரில் கணவரின் எண் இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போன பழைய எண் இருக்கும். எங்கள் பழைய திரை இதைப் பற்றி எதுவும் சொல்லாமல், நொடிகளைக் குறைத்துக்கொண்டே வரும் ஒரு கடிகாரத்தைக் காட்டியது. மக்கள் வராத செய்திக்காகக் காத்திருந்தார்கள். இப்போது அந்தத் திரையில், கடவுச்சொல் போன எண்ணின் கடைசி இலக்கங்களைக் காட்டுகிறோம். ‘இந்த எண் என்னிடம் இல்லை’ என்ற பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால், எண்ணை ஆதார் சேவை மையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும், அஞ்சல் துறைப் பேமெண்ட்ஸ் வங்கியின் வழியாக அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து மாற்றித் தரும் சேவை இருப்பதையும் சொல்லி, அதுவரை நிரப்பியவற்றைச் சேமித்து வைக்கிறோம்.

காணொளி வழி அடையாளச் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2020 சனவரி 9 அன்று அனுமதித்தது. சில வாரங்களில் பொதுமுடக்கம் வந்து, கிளைக்குப் போக முடியாத எல்லோருக்கும் அதுவே வழியாயிற்று. கிளைக்கு நடக்காமல் முழுமையான கணக்கைப் பெறுவதற்கு அது உண்மையில் பெரிய வாசல். ஆனால் அதன் விதிகள் கடுமையானவை. கடுமையாக இருக்கவும் வேண்டும், ஏனெனில் பிறர் பெயரில் கணக்கு தொடங்கி மோசடிப் பணத்தைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். அவர் இருக்கும் இடம் பதிவாக வேண்டும். பான் அட்டையைக் கேமராவில் காட்ட வேண்டும், மின்வடிவில் வரும் இ-பானை அச்சிட்டு வைத்திருக்கும் தாள் செல்லாது. இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாடிக்கையாளர் பக்கத்தில் யாராவது பதில் சொல்லிக் கொடுப்பது தெரிந்தால் விண்ணப்பத்தையே மறுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

இந்தக் கடைசி விதி நம் வீடுகளில் என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்குக் கணக்கு தொடங்குவது மகன். அழைப்பை இணைத்துக் கொடுத்துவிட்டு அவர் விலகிப் போவாரா? அதிகாரி தந்தை பெயர் கேட்டதும், அம்மா ஒரு கணம் யோசித்தால் பின்னாலிருந்து குரல் வரும். அன்பினால் வந்த அந்தக் குரலால் விண்ணப்பம் மறுக்கப்படும். காரணம் இன்னதென்று அம்மாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. விதியை நாங்கள் மாற்ற முடியாது. முன்கூட்டியே சொல்ல முடியும். அழைப்புக்கு முந்தைய திரையில் இப்போது இருப்பவை இவை: பான் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துக்கு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், உடன் இருப்பவர் அழைப்பை இணைத்துத் தரலாம், பதில்களை நீங்கள் மட்டுமே சொல்ல வேண்டும், எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள்? முதல் திரையிலிருந்தே இந்தப் பொருட்களைச் சொல்லிவிடுவது நல்லது என்பது பிறகு புரிந்தது. பாதி வழியில் பீரோவைத் திறக்கப் போனவர் திரும்பி வரும்போது, குறைந்த நினைவகம் கொண்ட கைபேசிகள் எங்கள் செயலியை மூடிவிட்டிருக்கும்.

உயிருள்ள ஆள்தான் கேமராவின் முன் இருக்கிறார் என்று உறுதி செய்ய, எங்கள் திரையும் ‘கண்களைச் சிமிட்டவும்’ என்று கேட்டது. இதைக் குறித்து நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அடங்கிய அமர்வு ஒரு தீர்ப்பு அளித்தது. அமில வீச்சில் கண்களும் முகமும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் இத்தகைய சரிபார்ப்பில் எப்படி வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பதே அந்த வழக்கு. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறி, கேஒய்சி முறையை எல்லோருக்கும் எட்டும்படி மாற்ற 20 கட்டளைகளை நீதிமன்றம் பிறப்பித்தது. கண் சிமிட்டச் சொல்லும் ஒரு வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தத் தீர்ப்பை வரிக்கு வரி படித்தேன். தலையைத் திருப்புவது, திரை வாசித்துச் சொல்லும் எண்ணைத் திரும்பச் சொல்வது, அதிகாரி காட்டும் விரல்களை எண்ணுவது என்று எத்தனையோ வழிகள் இருக்கும்போது, ஒரே வழியை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருந்தோம். அதை மாற்றியபோது, கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்களுக்கும் அது உதவியது.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தமிழ்த் திரைகள் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டவையாக இருந்தன. ‘நீங்கள் அரசியல்ரீதியாக வெளிப்படுத்தப்பட்ட நபரா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர் அதற்கு ‘ஆம்’ என்று போட்டுவிட்டு, விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டதைக் கண்டு திகைத்தார். ரிசர்வ் வங்கியின் விளக்கப்படி அது வேறொரு நாட்டில் உயர் பொதுப் பதவி வகித்தவர்களைக் குறிப்பது. இப்போது ‘வெளிநாட்டு அரசில் அமைச்சர், நீதிபதி, படைத்தளபதி போன்ற உயர் பதவியில் இருந்திருக்கிறீர்களா?’ என்று கேட்கிறோம். ‘நியமனதாரர்’ என்பதை எடுத்துவிட்டு, எல்லோரும் சொல்லும் நாமினி என்பதையே வைத்து, ‘உங்களுக்குப் பிறகு வங்கி இந்தப் பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும்?’ என்று கீழே எழுதினோம். நாமினி என்றால் வாரிசு என்று பலர் நினைத்து, ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு வருத்தம் வருமே என்று அங்கே நின்றுவிடுவார்கள். பணத்தைப் பெற்று உரியவர்களுக்குச் சேர்ப்பவர்தான் நாமினி என்பதை ஒரு வரியில் சொன்னது உதவியது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பொத்தான்களில் ‘தொடர...’ என்று பாதியில் அறுந்து நின்றதையும், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தவர்களின் கைபேசியில் அந்தப் பொத்தானே திரைக்குக் கீழே போய்விட்டதையும் நாங்கள் மிகத் தாமதமாகத்தான் பார்த்தோம்.

இனி, எனக்கு மிகப் பிடித்த, இன்னும் முழுமையாகத் தீராத ஒரு கேள்வி: எதை முதலில் கேட்பது? ஆதாரை முதலில் கேட்டால் பெயரும் முகவரியும் தானாக நிரம்பிவிடும், தட்டச்சு குறையும். அதனால் எல்லோரும் அதை முதலில் வைக்கிறார்கள். ஆனால் ஆதார் விவரங்களைப் பெற்ற மூன்று வேலை நாட்களுக்குள் காணொளி அழைப்பு முடிய வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் திரையிலேயே ஆதாரைக் கேட்கும் செயலி, வாடிக்கையாளர் அறியாமலேயே ஒரு கடிகாரத்தை ஓடவிடுகிறது. சனிக்கிழமை மாலை ஆர்வமாகத் தொடங்கி, அடுத்த வாரம் ஓய்வு கிடைத்தபோது திரும்பி வந்தவர் எல்லாவற்றையும் மறுபடியும் செய்ய நேர்ந்தால், அவர் மூன்றாவது முறை வரமாட்டார். பகலில் வேலை செய்யும் மக்களுக்கு, அதிகாரிகள் அழைப்பில் இருக்கும் நேரமும் தங்கள் ஓய்வு நேரமும் ஒத்துப்போவதே அரிது.

நாங்கள் வரிசையை மாற்றினோம். கைபேசி எண்ணும் பானும் முதலில். பிறகு தொழில், வருமானம், நாமினி போன்றவை. ஆதார் கடைசியில், அழைப்புக்குச் சற்று முன்னால். தட்டச்சு சிறிது கூடியது உண்மை. முகவரிக்கு அஞ்சல் குறியீட்டின் 6 இலக்கங்களைக் கொண்டு மாவட்டத்தை நாங்களே நிரப்பி அதை ஓரளவு குறைத்தோம். ஆதாரைக் கேட்கும் முன் ஒரு கேள்வி வைத்தோம்: ‘இப்போது பத்து நிமிடம் பேச முடியுமா?’ முடியாது என்றால், மற்றவை சேமிக்கப்பட்டு, அவர் சொல்லும் நாளில் நினைவூட்டல் போகும். ஆதாரை முடித்துவிட்டு அழைப்பைத் தள்ளிப்போட்டவருக்கு, எந்தக் கிழமை எந்த நேரத்துக்குள் பேசினால் ஆதாரை மீண்டும் கேட்கமாட்டோம் என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டுகிறோம். நினைவூட்டும் குறுஞ்செய்தியில் இணைப்பு எதையும் வைப்பதில்லை. வங்கியின் பெயரில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று நாமே சொல்லிவிட்டு, நாமே அனுப்பக் கூடாது. செயலியைத் திறந்தால் விட்ட இடம் காத்திருக்கும் என்று மட்டும் சொல்கிறோம்.

முடித்தல் என்ற சொல்லையே நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்பதையும் எழுத வேண்டும். ஆதார் கடவுச்சொல்லை மட்டும் வைத்து, அழைப்பு இல்லாமல் கணக்கு தொடங்கும் வழி ஒன்று உண்டு. சில நிமிடங்களில் கணக்கு எண் வந்துவிடும், வரைபடம் அழகாகிவிடும். ஆனால் அப்படித் தொடங்கியவரின் கணக்குகளில் மொத்த இருப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் வரும் வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் கணக்கை மூட வேண்டும். இவற்றை எங்கள் திரை, நீண்ட நிபந்தனைப் பக்கத்தின் நடுவில் ஒரு வரியாக வைத்திருந்தது. ‘வாழ்த்துகள்!’ என்ற திரையைப் பார்த்தவர் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார். அவருக்கு அது பாதி வழி என்பதை நாங்கள் மறைத்தோம் என்றே நான் சொல்வேன்.

எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த சான்று உண்டு. 2023 அக்டோபர் 10 அன்று ரிசர்வ் வங்கி, பாங்க் ஆஃப் பரோடாவின் ‘பாப் வேர்ல்டு’ செயலியில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்தச் சொன்னது. சேர்க்கும் முறையில் கண்ட குறைபாடுகளே காரணம் என்று அறிவித்தது. 2024 மே மாதத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. அந்தச் செய்தி வந்த வாரத்தில், எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தின் முதல் கேள்வியை மாற்றும்படி நான் கேட்டேன். இப்போது நாங்கள் முதலில் பார்ப்பது, தொடங்கிய கணக்குகளில் எத்தனை, முழுச் சரிபார்ப்பு முடிந்து, பணம் போட்டு எடுக்கும் நிலையில் இருக்கின்றன என்பதை. வரைபடம் முன்பைவிடக் குறுகியது. அதை மேலிடத்தில் விளக்குவது எளிதாக இல்லை. ஆனாலும் அது உண்மையான படம்.

கடைசித் திரையில் ‘வாழ்த்துகள்’ இன்னும் இருக்கிறது, சிறிய எழுத்தில். அதற்குக் கீழே கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் பெரிதாக இருக்கின்றன. காணொளி வழி வந்தவர்களுக்கு, அந்தப் பதிவு தணிக்கையான பிறகே கணக்கு இயங்கும் என்றும், இயங்கத் தொடங்கியதும் குறுஞ்செய்தி வரும் என்றும் எழுதியிருக்கிறோம். கடவுச்சொல் வழி வந்தவர்களுக்கு, எந்தத் தேதிக்குள் அழைப்பை முடிக்க வேண்டும் என்பது நாள், மாதம், ஆண்டுடன் இருக்கிறது. இந்தத் திரையைச் சோதிக்க மீண்டும் திருப்பூர் போனபோது, அதே தொழிற்கூடத்தில் வேறொரு பெண்மணி கணக்கு தொடங்கி முடித்தார். தேதியைப் படித்ததும் எழுந்து போய், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் அந்த மாதத்தைத் தேடினார். அது அடுத்த ஆண்டு, காலண்டரில் இல்லை. கடைசித் தாளைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் தேதியையும் வங்கியின் பெயரையும் எழுதி வைத்தார். செயலியே நினைவூட்டும் என்று சொன்னேன். “அதுவும் வரட்டுங்க, இதுவும் இருக்கட்டுங்க” என்றார்.